டைம்ஷீட்ல எழுதுற அந்த 45 மணி நேரம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஐடி பசங்க ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சு முதுகு வலி, சுகர், தூக்கமின்மைன்னு அவதிப்படுறத பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். எழுதினது எல்லாம் உண்மைதான். ஆனா கடைசியில யோகா பண்ணுங்க, நேரத்தை திட்டமிட்டு வேலை பாருங்கன்னு முடிச்சிருந்தீங்க, அங்கதான் சுருக்குன்னுச்சு. 14 வருஷமா ஓஎம்ஆர்ல குப்பை கொட்டுறேன், கோட் எழுதுற டெவலப்பரா சேந்து இப்போ டீம் லீடா இருக்கேன், எங்க நேரத்தை திட்டமிடுறது எங்க கையில இல்லவே இல்ல சார்.

கல்யாணத்துக்கு சமையல் மாஸ்டர்கிட்ட போனா என்ன பண்ணுவார்? எத்தனை பந்தி, எத்தனை இலைன்னு கேட்டுட்டு அவரே உக்காந்து சாமான் லிஸ்ட் போடுவார். பருப்ப பாதியா குறைங்க, ஆனா சாம்பார் அதே அளவு வரணும்னு யாராவது சொன்னா கரண்டிய வச்சுட்டு கிளம்பிடுவார். எங்க வேலையில அது தலைகீழ். டெவலப்பர் 20 நாள் ஆகும்பான், மேனேஜர் 15-ங்குவார், சேல்ஸ்ல இருக்குறவர் போட்டிக்கு வேற கம்பெனி நிக்குதுன்னு கிளையன்ட்கிட்ட 10 நாள்ல தர்றோம்னு கையெழுத்து போட்டுட்டு வந்துடுவார். பாதி ப்ராஜெக்ட்ல அந்த டெவலப்பர்கிட்ட கேக்குறதே இல்ல, அவன் டீமுக்குள்ள வர்றப்பவே டெலிவரி தேதி கான்ட்ராக்ட்ல இருக்கும்.

இது எல்லாரும் புலம்புறதுதான். நான் சொல்ல வந்தது அதுக்கு அடுத்தது, அதுல எங்க தப்பும் இருக்கு.

சில வருஷம் முன்னாடி ஒரு இன்சூரன்ஸ் கிளையன்ட், க்ளெய்ம் ஸ்கிரீன் எல்லாத்தையும் புதுசா பண்ணித் தரணும், 6 பேர், 12 வாரம். தினம் 11 மணி நேரம், 12 மணி நேரம், சனிக்கிழமையும் ஆபீஸ்தான், அப்படித்தான் ஓடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணி ஆனா டைம்ஷீட், அதாவது அந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை பாத்தோம்ங்குற கணக்கு, போடுங்கன்னு மெயில் வந்துடும். டீம்ல புதுசா சேந்த பையன் ஒருத்தன், கள்ளம் கபடம் தெரியாதவன், வாரத்துக்கு 64 மணி நேரம்னு உள்ளத உள்ளபடி போட்டுட்டான். அஞ்சே நிமிஷத்துல மேனேஜர் என்னை கூப்பிட்டு, இப்படி போட்டா ரிப்போர்ட்ல ப்ராஜெக்ட் சிவப்பா காட்டும், 45-க்கு மேல கிளையன்ட் பில்லிங்கும் கிடையாது, மாத்தச் சொல்லுங்கன்னார். நானும் போய் அவன் சீட் பக்கத்துல நின்னு, தம்பி, 45-னு மாத்திடுன்னேன். அவன் ஏன்ணான்னு கேட்டான். எல்லாரும் அப்படித்தான் போடுவோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அடுத்த வருஷம் அதே கிளையன்ட் இரண்டாவது கட்ட வேலைய குடுத்தாங்க. எஸ்டிமேட் போடுறவங்க ஒரு எக்செல்ல திறந்து காட்டுறாங்க, போன தடவை 6 பேர் 12 வாரம், மொத்தம் 3240 மணி நேரத்துல முடிச்சிருக்கீங்க, இந்த தடவை வேலை பழகிடுச்சு, 10 வாரம் போதும்ல? நிஜமா ஆனது 4500-க்கு மேல இருக்கும் சார். ஆனா அந்த 3240 எங்க கையால நாங்களே போட்டது, எந்த வாயை வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்க எழுதின பொய்தான் அடுத்த வருஷம் டெட்லைனா எங்க தலையில வந்து விழுந்துச்சு.

லேட் ஆனதும் வழக்கமான வைத்தியம், பெஞ்ச்ல, அதாவது ப்ராஜெக்ட் இல்லாம காத்துட்டு இருந்தவங்கள்ல இருந்து 4 பேர இறக்கினாங்க. அவங்களுக்கு கிளையன்ட் ஐடி, விபிஎன் எல்லாம் வரவே ரெண்டு வாரம், அப்புறம் கேடி, அதாவது வேலைய சொல்லிக் குடுக்குற நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், குடுக்கணும், அதை யார் குடுக்குறது, கோட் எழுதிட்டு இருந்த நாங்கதான். ஐபிஎம்ல 1960-கள்ல சிஸ்டம் 360-ங்குற கம்ப்யூட்டருக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் வேலைய நடத்தின ஃப்ரெட் ப்ரூக்ஸ் இதுல நல்லா அடிபட்டு, லேட் ஆன சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல ஆள சேத்தா இன்னும் லேட் ஆகும்னு 1975-லயே எழுதி வச்சுட்டார். கணக்கு சின்னதுதான், 6 பேர் இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேச 15 ஜோடி, 10 பேர் ஆனா 45 ஜோடி. (மறுபடியும் அதே 45, என்ன பொருத்தமோ.)

அஜைல்னு, வேலைய சின்னச் சின்னதா பிரிச்சு அப்பப்ப முடிச்சுக் குடுக்குற ஒரு முறை, அது வந்தா சரியாகிடும்னாங்க. 2001-ல அமெரிக்காவுல யூட்டாவுல 17 பேர் கூடி எழுதின அஜைல் அறிக்கையோட கொள்கைகள்ல, எவ்வளவு நாள் ஆனாலும் தாக்குப்பிடிக்குற ஒரே வேகத்துல வேலை நடக்கணும்னு இருக்கு. எங்க ஆபீஸ்ல அதுல இருந்து எடுத்துக்கிட்டது தினம் காலைல நின்னுட்டு பேசுற மீட்டிங் மட்டும்தான், மணிக்கணக்கு இல்லாம வேலை எவ்வளவு பெருசுன்னு மட்டும் ஒப்பிட்டுச் சொல்ற ஸ்டோரி பாயின்ட்டையும் ஒரு பாயின்ட்டுக்கு 8 மணி நேரம்னு மாத்திட்டாங்க.

மேனேஜர மட்டும் திட்டவும் மனசு வரல. அவருக்கும் மேல ஒருத்தர் எக்செல்லோட உக்காந்திருக்கார். எங்களுக்கோ ஃப்ளாட் இஎம்ஐ, 90 நாள் நோட்டீஸ் பீரியட், வாயத் திறக்க பயம்.

அதனால நான் ஒண்ணு பண்றேன். டைம்ஷீட்ல கம்பெனி கேக்குறது போகுது, ஆனா டீமுக்குன்னு தனியா ஒரு நோட்டு, 40 பக்க நோட்டுதான், அதுல எந்த வேலைக்கு நிஜமா எத்தனை மணி நேரம்னு அன்னன்னைக்கே எழுதச் சொல்லியிருக்கேன். போன மாசம் ஒரு ரிப்போர்ட் வேலைய 6 நாள்ல கேட்டாங்க. நோட்ட பிரிச்சு இதே மாதிரி மூணு வேலைக்கு 11, 9, 12 நாள் ஆனத காட்டினேன். மேனேஜர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கிளையன்ட்கிட்ட பேசி 10 நாள் வாங்கிக் குடுத்தார். 10 நாள்லயே முடிஞ்சுது, ஒருத்தரும் சனிக்கிழமை வரல.

இந்த லெட்டர போட்டா என் பேர் மட்டும் வேண்டாம் சார், எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல நம்ம பேப்பர்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேடவாக்கம்