மூண்டும் கொண்டு வரவேணுமாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன மாசம் வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்கு ஒரு கந்தோரில இருந்து இங்கிலிஷ் கடிதம் வந்தது, ஆவணங்கள் கொண்டு வாங்கோ எண்டு எழுதி, பக்கத்தில வீ ஐ இசட் (viz., 'விஸ்' எண்டு சொல்றது), பிறகு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கரண்ட் பில். மகள் பாத்திட்டு "இதில ஒண்டு காணும்தானே அப்பா" எண்டாள், நானும் பில்லை மட்டும் கொண்டு போய் கியூவில நிண்டு, மூண்டும் வேணுமெண்டு சொல்ல வெறுங்கையோட வந்தன். பிழை எங்கடதான். அந்த விஸ், விடெலிசெட் எண்ட லத்தீன் சொல்லின்ர சுருக்கம், கடைசி இசட் கூட எழுத்தில்ல, அந்தக் காலத்தில கையால எழுதினவை சொல்லைச் சுருக்கப் போட்ட குறி. வாசிக்கேக்க 'நேம்லி' எண்டு வாசிக்கலாம். ஈ ஜீ (e.g.) எண்டா உதாரணத்துக்குச் சிலது, விஸ் எண்டா இன்னின்னது எண்டு முழுக்கச் சொல்றது. ஆனா சில கடிதங்களில விஸ் போட்டு நாலைஞ்சு சாமானை எழுதிப்போட்டு கடைசியில எட்செட்ராவும் (இன்னும் மற்றதுகளும் எண்டு) போடினம், அப்ப நாங்கள் எதையெண்டு கொண்டு போறது? தமிழில 'அவையாவன' எண்டு வடிவான சொல் இருக்கு. 1987இல எங்கட இலங்கை அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழியாகிட்டுதுதானே, அடுத்த கடிதத்தையாவது தமிழில அனுப்புங்கோவன்.

வெள்ளவத்தை வாசகர் ஒருவர்