சைபர் வந்த வழி

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மஸ்கட் கடைச் சீட்டைப் பார்த்து உன் அம்மா சிரித்து ஓயவில்லை. பத்து ரியால்தான் என்று நீ சண்டை போட்டாயே, அதில் எழுதியிருப்பது 15. அங்கே ஐந்தைத்தான் முட்டை மாதிரி போடுவார்கள். சைபர் வெறும் புள்ளி. துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தப் புள்ளி நமக்கு அந்நியமில்லை. கம்போடியாவில் கி.பி. 683-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில், அந்த வருஷத்தையே பழைய சக ஆண்டுக் கணக்கில் 605 என்று எழுத நடுவில் புள்ளிதான் வைத்திருக்கிறார்கள். குவாலியர் கோயில் சுவரில் 876-இல் அது சின்ன வட்டமாக இருக்கிறது. பாக்தாதில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் இந்தியக் கணக்கு முறையைப் பற்றி 825 வாக்கில் நூல் எழுதினார். ஆபீஸில் நீ பேசும் அல்காரிதம் அவர் பேரிலிருந்து வந்ததுதான். அரபிகள் தங்கள் எண்களை இந்திய எண்கள் என்கிறார்கள், ஐரோப்பியர்கள் 1, 2, 3-ஐ அரபு எண்கள் என்கிறார்கள். அவரவர் வாங்கின கடையின் பேரைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த ஆள் இத்தாலியில் பீசா நகரத்துக் கணக்குப் புலி ஃபிபொனாச்சி. அதைவிட, அவருடைய அப்பா. வட ஆப்பிரிக்காவில் புகியா துறைமுகத்தில், பீசா வியாபாரிகளுக்காகச் சுங்கக் கணக்கு பார்த்தவர். பையனை அங்கே வரவழைத்து இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வைத்தார். பையன் 1202-இல் பெரிய புத்தகமே எழுதிவிட்டான். நானும் உன்னை ஒருநாள் ஹார்பருக்குக் கூட்டிப்போனேன், ஞாபகமிருக்கிறதா? நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். நீ கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஃபிளாரன்ஸில் நாணயம் மாற்றுவோர் சங்கம் 1299-இல் இந்த எண்களைக் கணக்குப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்றது. யாராவது எண்ணைத் திருத்திவிடுவார்கள் என்ற பயமோ என்னவோ, எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஒருமுறை என் சீட்டில் யாரோ 1-ஐ 7 ஆக்கி, மூன்று நாள் சம்பளம் போனது. அன்றிலிருந்து எழுத்தாலும் எழுதாமல் கையெழுத்துப் போட்டதில்லை.

தாத்தாவுக்கு அந்தப் பயம் இல்லை. மண்ணடி மண்டியில் அவர் எழுதிய பழைய நோட்டு ஒன்று பரணில் கிடைத்தது. 308 மூட்டையை ௩௱௮ என்று எழுதியிருக்கிறார். மூன்று, நூறு, எட்டு. நூறுக்கே தனி எழுத்து இருப்பதால் நடுவில் காலியிடமும் இல்லை, அதைக் காக்க சைபரும் வேண்டாம். சொல்வதை அப்படியே எழுதலாம். ஆனால் பெருக்கிப் பார், தலை சுற்றும்.

ஆனால் வாயைத் திறந்தால் தாத்தாவும் சைபர் என்றுதான் சொல்வார். நம் சூன்யத்தை அரபிகள் சிஃப்ர் என்றார்கள், அது லத்தீனுக்குப் போய், ஆங்கிலத்தில் நுழைந்து, கப்பலேறி வண்ணாரப்பேட்டைக்கே திரும்பி வந்திருக்கிறது. ஜீரோவும் அதே சிஃப்ர்தான், இத்தாலி வழியாக.

சரி, அந்தக் கடைக்காரரிடம் மீதி ஐந்து ரியாலைக் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லையென்றால் நாளைக்கே போ. திட்டினதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா