சம்மனோடு ஒரு தமிழ்த் தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு பைண்டிங் பட்டறை நடத்துகிறேன். புரோநோட்டுக் கடனுக்காக என் மேல் ஒரு வழக்கு நடக்கிறது. அதில் என் பக்கத்தைச் சொல்வதற்கே கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு வழக்குமுறை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

2022 மார்ச்சில், பள்ளி நோட்டு ஆர்டருக்குக் காகிதம் எடுக்க, தெரிந்த வியாபாரி ஒருவரிடம் 3 லட்சம் வாங்கினேன். வட்டி கிடையாது, மாதம் பத்தாயிரம் என்று பேச்சு. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வட்டி எழுதும் இடம் காலியாக இருந்தது. அதைக் கேட்காமல் விட்டது என் தப்பு. 21 மாதம் ஒழுங்காகக் கட்டினேன், எல்லாம் பேங்க் வழியாகத்தான். அப்புறம் ஆர்டர் குறைந்து நின்றுபோனது.

2024-ல் ஒரு மத்தியானம் அமீனா சம்மன் கொண்டுவந்தார். கையெல்லாம் பசை. அப்படியே கையெழுத்துப் போட்டு வாங்கினேன், இன்னும் அந்தத் தாளின் ஓரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லாம் இங்கிலீஷ். எந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினேன், தேதியே இல்லை. சரி, தேதி போட்டு இன்னொன்று வரும் என்று மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து வந்த என் மகன் படித்துப் பார்த்துவிட்டுத்தான், "அம்மா, பத்து நாளுக்குள் ஆஜராகணும் என்று போட்டிருக்கிறது, நாளையோடு முடிகிறது" என்றான். கூடவே இருந்த பிராதில், அதாவது அவர் கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவில், ஒரு பைசாகூடத் திரும்ப வரவில்லை என்றும், வட்டி 24 சதவீதம் என்றும் இருந்தது. மறுநாள் ஓடிப்போய் ஆஜராவதாக எழுதிக்கொடுத்து, பட்டறை முகவரியும் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அங்கேதான் ஆரம்பம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் ஆணைப்படி, பணத்தைச் சீக்கிரம் வசூலிக்கப் போடப்படும் இந்தச் சுருக்க வழக்கில், நாம் ஆஜரான பிறகு தீர்ப்புக்கான சம்மன் என்று இன்னொரு தாள் வரும். அது கைக்கு வந்த பத்து நாளுக்குள், வழக்காட அனுமதி கேட்டுப் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும். போடாவிட்டால், எதிராளி கேட்ட தொகையைக் கட்டச் சொல்லி டிக்ரி (தீர்ப்பாணை) கொடுத்துவிடலாம். சாதாரண வழக்கில் பதிலுரை போடவே 30 நாள் உண்டு. அந்த இரண்டாவது தாள் பட்டறைக்கு வந்தபோது, பழைய சம்மனின் நகல்தான் என்று நினைத்து அதே டிராயரில் வைத்தேன்.

காப்பாற்றியது சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள் என்று பக்கத்துக் கடைக்காரம்மா சொல்லிப் போனேன். அங்கே கொடுத்த வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் காட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குள் கெடு தாண்டி 16 நாள். தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அனுமதிக்கு ஒரு மனு, கூடவே 21 தவணைக்கும் கோடு போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதே ஆணையில் இடம் இருக்கிறது. மன்னித்தார்கள். பாக்கி 90,000 என்று நானே ஒத்துக்கொண்டதால், அதைக் கோர்ட்டில் கட்டினால்தான் அனுமதி என்று உத்தரவானது. அது சட்டத்திலேயே உள்ளது, நியாயமும்கூட. வளையலை வைத்துக் கட்டினேன்.

இந்த வழக்குமுறையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே பில் பணம் தராமல் இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். கடன் கொடுத்தவர் வருஷக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்கக் கூடாதுதான். ஆனால் அனுமதி கொடுப்பதுதான் பொது வழக்கம், மறுப்பது விதிவிலக்கு என்று 2022-ல் பி.எல். காஷ்யப் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கக்கூடிய ஒன்றை, கேட்கவேண்டும் என்பதே தெரியாததால் ஒருவர் இழக்கலாமா?

உயர் நீதிமன்றமும் அரசும் ஒன்று செய்தால் போதும். இந்த வழக்குகளின் இரண்டு சம்மனோடும் தமிழில் ஒரு பக்கத் தாளை இணைக்க வேண்டும். "இது சாதாரண வழக்கு அல்ல. இந்தத் தாள் கைக்கு வந்த பத்து நாளுக்குள் நீங்கள் செய்ய வேண்டியது இது" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். இரண்டாவது தாளில், "முன்பு வந்ததும் இதுவும் வேறு வேறு" என்று சேர்க்கட்டும். கீழே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியும் 15100 என்ற உதவி எண்ணும் வேண்டும். அச்சடிக்க அதிகச் செலவாகாது, அந்தத் தொழிலிலேயே இருப்பவள் சொல்கிறேன்.

என் வழக்கு இன்னும் முடியவில்லை. பதிலுரை தாக்கல் செய்தாகிவிட்டது, அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயப்பேட்டை, சென்னை - 14