ரஜூலாவைக் கரை சேர்த்தவர்களுக்கு நன்றி

குளத்தங்கரை நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

நடுக்குளத்தில் சாய்ந்து நின்றுபோன என் ரஜூலா, நான் செய்த ரிமோட் மாதிரிக் கப்பல், போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தண்ணீரில் இறங்கியது. அன்றைய சந்தோஷத்தில் யாரிடமும் நிதானமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

குளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய எஸ்.எஸ். ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடிய கப்பல். இங்கே சிங்கப்பூரில் உள்ள எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அதில் வந்து இறங்கியவைதான். என் பாட்டியும் அப்படித்தான் வந்தார். அந்தக் கப்பலைத்தான் நூற்றில் ஒரு பங்காக, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளத்தில் செய்தேன். கறுப்புப் புகைக்கூண்டில் இரண்டு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்ததும் வயதானவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

அது நின்றுபோனது இப்படித்தான். ப்ரொப்பெல்லர் தண்டு போகும் குழாயில் தண்ணீரைத் தடுக்கும் கிரீஸ் தீர்ந்து, தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது. ஒடுங்கிய கப்பலுக்குள் தேங்கும் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும். கப்பலும் அந்தப் பக்கமே சாயும். சாயச் சாய இன்னும் ஏறும். ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது. கப்பலுக்குள் அந்த அலையை வாங்கும் ரிசீவரின் ஆண்டெனா மூழ்கியதும் மோட்டார்கள் நடுக்குளத்தில் நின்றுபோயின.

உடனே தன் மாதிரி இழுவைப் படகைத் திருப்பிய அண்ணனுக்கு முதல் நன்றி. பின்னால் மிதவைக் கயிறு கட்டி, ரஜூலாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கயிறு சுக்கானில் மாட்டியதும் அங்குலம் அங்குலமாக இழுத்தார். வேகம் கொடுத்திருந்தால் கப்பல் கவிழ்ந்திருக்கும். அது படகு ஓட்டும் கை!

கரைக்கு வந்ததும், “முதலில் பேட்டரியைக் கழற்று” என்று குரல் கொடுத்த சீன அங்கிளுக்கும் நன்றி. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலர்கள் இரண்டும் தப்பியது அவரால்தான். துருப்பிடித்த கனெக்டருக்கு மாற்று தேடி, மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவருக்குப் போனபோது, ஒரு கடைக்காரர் பழைய பெட்டிகளையெல்லாம் கிளறி எடுத்துக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை.

அப்புறம், ஷிப்யார்டில் வேலை செய்யும் நம் புதுக்கோட்டைத் தம்பி. வாரம் முழுக்க நிஜக் கப்பல்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வளைந்த தண்டைக் கழற்றினார், தண்டைத் தாங்கும் தேய்ந்த புஷ் வளையங்களை மாற்றினார், மோட்டாரையும் தண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். குழாயின்மேல் கிரீஸ் ஏற்றுவதற்குச் சின்னக் குழல் ஒன்றைச் செங்குத்தாக ஒட்டி, அதன் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைத்தார். இனி கப்பலைப் பிரிக்காமலே கிரீஸ் போடலாம். தம்பி, உங்கள் உழைப்புக்கு எப்படிக் கைமாறு செய்வேன் என்று தெரியவில்லை.

பிள்ளைகளின் காற்றடைத்த நீச்சல்தொட்டியைக் கசிவு பார்க்கத் தந்த எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், அடித்துப்போன லைஃப்போட்டுகளை த்ரீடி பிரிண்டரில் செய்துகொடுத்த மாணவிக்கும் நன்றி. கப்பல் சாயாமல் நிற்க அடியில் வைக்கும் பாரக்கட்டிகளைச் சரியாக அடுக்கியதும் அந்தத் தொட்டியில்தான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ரஜூலாவில் வந்தவர்கள் வீட்டில் மேல்தளம் தெரியும் பழைய படம் இருந்தால் காட்டுங்கள். அறை இல்லாமல் மேல்தளத்திலேயே பயணம் செய்த டெக் பயணிகளுக்குக் கித்தான் பந்தலை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று பார்த்து, அதையும் செய்துவிட வேண்டும்.