வலி ஓரிடம், வேர் வேறிடம்

ஆசிரியருக்கு,

தசைவலி ஆய்வில் முன்னோடியான டாக்டர் ஜேனட் டிராவெல் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவரான அவர் (ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தவர் என்றுதான் பலருக்கும் நினைவு), தசையில் இறுகிய ஒரு சிறு முடிச்சு, தொலைவிலுள்ள வேறோர் இடத்தில் வலியை உண்டாக்கலாம் என்பதை நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தே விளக்கினார். அந்த விளக்கம் குறித்து இன்றும் விவாதம் உண்டு. ஆனால், தொட்டுப் பார்க்கும் பழக்கமே நம்மூரில் அரிதாகிவிட்டது. தையல் வேலை செய்யும் என் மனைவி, வலது கை வலிக்காக எட்டு மாதம் மாத்திரை விழுங்கினார்; ஸ்கேனும் எடுத்தாயிற்று. கடைசியில் இயன்முறை மருத்துவர் ஒருவர் தோள்பட்டை எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும், “இதே வலிதான், கை நெடுக இறங்குது” என்று என் மனைவி அலறிவிட்டார். ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகே அவரால் மீண்டும் கத்தரிக்கோல் பிடிக்க முடிந்தது.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பது பாராட்டுக்குரியது. எனினும், பகலெல்லாம் வேலையில் இருப்போருக்கு அது எட்டுவதில்லை. எனவே, மாநகராட்சியின் எல்லா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வாரம் இரு நாள்களேனும் மாலை ஆறு மணிக்கு மேல் இயன்முறை மருத்துவர் இருக்குமாறு ஏற்பாடு செய்யலாம்.

– ஒரு வாசகர், சைதாப்பேட்டை, சென்னை