செவ்வாய்க்கிழமை பதினோரு மணி

அன்புள்ள செல்விக்கு, அம்மா எழுதுவது.

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம்.

உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தைச் சித்தி மகள் என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடையில் எடுத்த வீடியோ பார்த்தேன். கை நிறையப் புத்தகம். ஒன்றுக்குத் தாள் ஓரமெல்லாம் ஊதா வண்ணம். ஏற்கெனவே படித்ததுதான், வண்ணத்துக்காக மறுபடி வாங்கினேன் என்று கீழே நீயே எழுதியிருக்கிறாய். உள்ளே இருப்பது அதே கதைதானே? வீடியோ போட்டது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. அன்றைக்கு லீவா?

வாங்காதே என்று சொல்லவில்லை. யாரோ கேமரா முன்னால் அழுதார்கள் என்பதற்காக வாங்காதே என்கிறேன். 2016-ல் வந்த காலீன் ஹூவர் நாவலை ஐந்து வருஷம் கழித்து டிக்டாக் பிள்ளைகள் அழுது அழுதே விற்பனையில் ஏற்றிவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். இங்கே 2020-லேயே டிக்டாக்கைத் தடை செய்தாயிற்று. அழுகை மட்டும் இன்ஸ்டாகிராம் வழியாக வந்து சேர்ந்து, அந்த நாவல் சிக்னலில் கள்ளப் பதிப்பாக விற்கிறது. அழுகிறவர்களில் பலருக்குப் பதிப்பகமே இலவசமாக அனுப்பிவிடுமாம். நீ காசு கொடுத்து வாங்குகிறாய். சம்பளம் ஒழுங்காக வருகிற மாதம் என்றால் சரி.

ராஜம் கிருஷ்ணனின் உப்பள நாவலைப் பற்றி நீ வீடியோவில் பேசினது நன்றாக இருந்தது. ஆச்சி உப்புச் சுமந்ததையும், கால் வெடிப்பில் உப்புத்தண்ணி இறங்கி ராத்திரி தூங்காமல் கிடந்ததையும் சொன்னாயே, அப்பாவிடம் காட்டினேன். “ம்” என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். வீடியோவுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள்! அந்த அம்மா எழுத்தை 2009-லேயே நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள், யாரும் அச்சடிக்கலாம். கேட்க ஆள் வேண்டியிருந்தது, நீ கேட்க வைத்தாய். புத்தகத் திருவிழாவில் ஒரு பெண் போனை நீட்டி, “அண்ணே, இந்தப் புக் இருக்கா?” என்று கேட்டாள். உன் வீடியோவோ என்று எட்டிப் பார்த்தேன். வேறு யாரோ.

ஊருக்கெல்லாம் ஆச்சி கதையைச் சொன்னவள், பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லை என்கிறாய்.

இந்த வருஷம் நூறு புத்தகம் என்று கணக்கு வைத்திருக்கிறாயே, ஜூன் முடிவதற்குள் அறுபத்தெட்டு ஆகிவிட்டது. வேலைக்குப் போகிறவளுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று அப்பா கேட்டார். மெட்ரோவில் படிப்பாள் என்று சொல்லிவைத்தேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. எதற்கு இந்தக் கணக்கு? மெதுவாகப் படி. பார்த்து வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. மறுபடி சொல்கிறேன், பார்த்து வாங்கு.

பெரியம்மா வீட்டு விசேஷம் நல்லபடியாக நடந்தது. மற்றதை நேரில் சொல்கிறேன்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. முதிர்ந்துவிட்டது. உன் பேருக்குத்தான் கட்டினேன், அப்பாவுக்குத் தொகை தெரியாது. எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று ஒரு வரி மெசேஜ் அனுப்பு. பழைய ஆபீஸ் சம்பளக் கணக்கு இப்போது இல்லையென்றால் வேறு நம்பர் கொடு. காரணம் எழுத வேண்டாம்.

அம்மா