வெள்ளிக்கிழமைக்கு ஓர் ஆள் வேண்டும்: எங்கள் கவுண்டித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவில் தமிழ்ப்பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வாராவாரம் பார்த்துக்கொள்ளும் அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

மார்ச் மாதம் நம் குழுவில் ஒரு படம் சுற்றியது, நினைவிருக்கும். நூலகத்துக்குப் போகிற சாலையில் நடைபாதை இல்லாத அந்த அரை மைல். ஒரு பாட்டியும் தாத்தாவும் வெள்ளைக்கோட்டை ஒட்டி நடந்து போகிறார்கள், பக்கத்திலேயே ஒரு லாரி. படத்துக்குக் கீழே அன்று ராத்திரிக்குள் நூறு செய்திக்கு மேல் குவிந்தது. "வரி வாங்க மட்டும் தெரியுது" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் நகராட்சிக்கு போன் செய்தேன். அது தங்கள் சாலை இல்லை, கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சாலை என்றார்கள். கவுண்டியின் இணையதளத்தில் பழைய கூட்டங்களின் ஆவணங்களைத் தோண்டினேன். ஒரு மணி நேரம் பிடித்தது, ஆனால் கிடைத்தது. அந்த நடைபாதை வேலையைத் தள்ளிவைக்கும் முடிவு ஜனவரியிலேயே எடுக்கப்பட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேறு நாற்பது சொச்சம் விஷயங்களோடு கட்டாகச் சேர்த்து, ஒரே வாக்கெடுப்பில். வீடியோவில் பார்த்தேன், மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் எதிர்க்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பட்டியல் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே எல்லோரும் பார்க்கும்படி வெளியாகியிருந்தது. நம்மில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் இந்த மடலை, கவுண்டியை நிர்வகிக்கும் போர்டுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். போர்டிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது, அது பின்னால்.

கவுண்டி என்றால் நம்மில் பலருக்கு டிசம்பர் 10, ஏப்ரல் 10 என்ற இரண்டு தேதிகள்தான். சொத்து வரியின் இரண்டு தவணைகளுக்கும் கடைசி நாள். ஒரு நாள் தவறினால் பத்து சதவீதம் அபராதம் என்பதால் அவை மட்டும் மறப்பதில்லை. ஆனால் ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு நாம் எடுத்துப்போன பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல் கவுண்டியிடம் வாங்கியதுதான். தோசைக் கடை வாசலில் ஒட்டியிருக்கிற பச்சை அட்டை, கவுண்டி சுகாதார ஆய்வாளர் வந்துபோனதற்கு அடையாளம். சிறை, ஷெரிஃப், பொதுச் சுகாதாரம், தேர்தல் நடத்துவது, கைவிடப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளின் சாலைகள், எல்லாம் இந்தக் கூரையின் கீழ்தான்.

இத்தனைக்கும் முடிவெடுப்பவர்கள், சூப்பர்வைசர் எனப்படும் போர்டு உறுப்பினர்கள் ஐந்து பேர். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் நகரமும் கவுண்டியும் ஒன்றாக இருக்கும் சான் பிரான்சிஸ்கோவைத் தவிர, மற்ற எல்லாவற்றிலும் ஐந்து சூப்பர்வைசர்கள்தான். சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலும் இன்றைக்கு ஐந்துதான். அதை ஒன்பதாக்கலாம் என்று அங்குள்ள வாக்காளர்கள் 2024 நவம்பரில்தான் முடிவு செய்தார்கள். ஐந்து பேர் என்றால் மூன்று ஓட்டு போதும், காரியம் முடிந்தது. நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு மெனு முடிவு செய்யவே பதினோரு பேர் கூடுகிறோம்!

சரி, அந்த மூன்று பேர் தங்களுக்குள் போனில் பேசி முடித்துக்கொள்ள மாட்டார்களா? நம் சங்கத்தில் அப்படித்தான் நடக்கிறது. கூட்டம் என்பது ஏற்கெனவே முடிந்துபோனதற்குக் கைதட்டும் இடம். இங்கே அது சட்டப்படி குற்றம். 1952-இல் சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் நாளிதழ், உள்ளாட்சி அமைப்புகள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பதைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக மொடெஸ்டோவின் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் கொண்டுவந்த சட்டம் 1953-இல் நிறைவேறியது. பிரவுன் ஆக்ட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தங்களுக்குப் பணி செய்யும் அமைப்புகளிடம் இந்த மாநில மக்கள் தங்கள் இறையாண்மையை ஒப்படைத்துவிடவில்லை என்கிறது அதன் முகப்பு.

அந்தச் சட்டப்படி, போர்டு தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு விஷயத்தைப் பெரும்பான்மையாக, அதாவது மூன்று பேராக, கூட்டத்துக்கு வெளியே விவாதிக்கக் கூடாது. ஒருவர் இன்னொருவரிடம், அவர் மூன்றாமவரிடம் என்று சங்கிலியாக மின்னஞ்சலில் பேசினாலும் தப்பு. வழக்கு, சம்பளப் பேச்சுவார்த்தை, நிலம் வாங்கும் விலை மாதிரி சிலவற்றுக்கு மட்டும் மூடிய அறை உண்டு. அதற்கும் என்ன விஷயம் என்பதைப் பட்டியலில் போட்டாக வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். நிரலில் உள்ள எதைப் பற்றியும், போர்டு அதை எடுத்துக்கொள்வதற்கு முன்போ எடுத்துக்கொள்ளும்போதோ, பொதுமக்களைப் பேச விட வேண்டும்.

இந்த 72 மணி நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாய் காலை ஒன்பதரைக்குக் கூட்டம் என்றால், சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குள் பட்டியல் வந்தாக வேண்டும். எங்கள் கவுண்டியில் வியாழன் சாயங்காலமோ வெள்ளியோ வந்துவிடுகிறது. அப்புறம் நமக்கு என்ன நேரம் இருக்கிறது? வெள்ளி இரவு யார் வீட்டிலாவது சாப்பாடு. சனி காலை தமிழ்ப்பள்ளி, மதியம் பாட்டு வகுப்பு, மாலை பிறந்தநாள். ஞாயிறு கோயில், காஸ்ட்கோ. திங்கள் வேலை. செவ்வாய் காலை ஒன்பதரைக்கு நாம் அலுவலகத்தில் இருக்கிறோம்.

பட்டியலும் லேசுப்பட்டதல்ல. இணைப்புகளோடு சேர்த்தால் பல நூறு பக்கம் வரும். அதில் ஆரவாரமான விஷயங்கள் மேலே பெரிய எழுத்தில் இருக்கும். டிவிக்காரர்களும் அதற்குத்தான் வருவார்கள். நம் நடைபாதை இருந்தது கன்சென்ட் காலண்டர் என்ற பகுதியில். சர்ச்சை இல்லாதவை என்று அதிகாரிகள் கருதுவதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே ஓட்டில் நிறைவேற்றுகிற ஏற்பாடு அது. வேண்டிய ஏற்பாடுதான், இல்லாவிட்டால் காகிதம் வாங்குகிற ஒப்பந்தத்துக்கெல்லாம் நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும். ஆனால் எது சர்ச்சை இல்லாதது என்று எப்படித் தெரியும்? யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சர்ச்சை இல்லை. நாம் நூறு செய்தி எழுதினோம், ஆனால் அங்கே எழுதவில்லையே. ஒரு சூப்பர்வைசர் கேட்டால் போதும், எந்த விஷயத்தையும் அந்தக் கட்டிலிருந்து உருவித் தனியாக விவாதிக்கலாம். அவரைக் கேட்க வைக்க ஒரு மின்னஞ்சல் போதும் என்பதை நான் ஏப்ரலில்தான் கற்றுக்கொண்டேன்.

ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ கிராம சபைகளுக்குப் பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலராக, போய் உட்கார்ந்திருக்கிறார். படத்தில் இருந்தது அவரில்லை, ஆனால் தினமும் அதே சாலையில்தான் நூலகத்துக்கு நடக்கிறார். சாலைப் பணிகள் பற்றிய ஓர் அறிக்கை நிரலில் வந்திருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துப் போனேன்.

உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தீர்மானப் புத்தகம் எங்கே?" இரண்டாவது, "கையெழுத்து வாங்க யாரும் வரலையே?" வருகிறவர் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த இங்கே சட்டம் இடம் தருவதில்லை என்றேன். சிரித்தார். "நாங்க வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கோம், கூட்டம் முடிஞ்சப்புறம்."

அன்றைக்குப் பேச நிறையப் பேர் பெயர் கொடுத்திருந்ததால் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பதை ஒரு நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். நான் மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த உரை முதல் பத்தியிலேயே மணியடித்து நின்றுபோனது. அடுத்து அப்பா. அவர் தமிழில் பேசுவார், நான் மொழிபெயர்ப்பேன் என்று கிளார்க்கிடம் முன்பே சொல்லியிருந்தேன். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுபவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று 2016-இல் பிரவுன் ஆக்டில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. ஆக, இங்கிலீஷில் பேசிய எனக்கு ஒரு நிமிடம், தமிழில் பேசிய அப்பாவுக்கு இரண்டு. அவர் சட்டம், பட்ஜெட் எதற்கும் போகவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்த இடத்தில் சாலை வளைகிறது, எந்த மரத்தடியில் லாரி போகும்வரை ஒதுங்கி நிற்கிறார், அவ்வளவுதான். இரண்டு சூப்பர்வைசர்கள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். நான் பேசியபோது ஒருவர் தண்ணீர் குடித்தார்.

விளைவு? பெரிதாக ஒன்றும் இல்லை. நடைபாதை வேலையை மறுபடி பார்த்து, செலவுக் கணக்கோடு அறிக்கை கொண்டுவரும்படி சாலைத் துறைக்குச் சொன்னார்கள். ஜனவரியில் நாம் போயிருந்தால் ஒருவேளை தள்ளிவைத்திருக்கவே மாட்டார்கள். இப்போது தள்ளிவைத்ததைத் திருப்ப வேண்டும், அது இரண்டு மடங்கு வேலை.

நம்மில் சிலர் முன்பு ஒருமுறை போய்விட்டு, "பேசினோம், பதிலே சொல்லலை, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாங்க" என்று கோபமாகத் திரும்பியது தெரியும். நிரலில் இல்லாத விஷயத்தை நாம் எழுப்பினால், பெரும்பாலும் அவர்கள் அதைப் பற்றி விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. சுருக்கமாக ஒரு பதில், அல்லது அதிகாரியிடம் பார்க்கச் சொல்வது, அவ்வளவுக்குத்தான் அனுமதி. நிரலில் இருக்கும்போது போக வேண்டும். அதற்கு நிரலைப் படிக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது: "எனக்கு ஹெச்1பி வேலை விசா, ஓட்டே கிடையாது, நான் போய் என்ன பண்ண?" ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். அந்த மைக் முன்னால் நின்று பேச அது தேவையில்லை. என் அப்பா விசிட்டர் விசாவில் வந்தவர். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்த நாட்டு அரசாங்கத்தோடு நேராகப் பேசக் கிடைத்திருக்கிற ஒரே இடம் இதுதான் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

போர்டிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேனே, அது இது: வேலை நாள் காலை ஒன்பதரைக்குக் கூட்டம் வைத்துவிட்டு, மக்கள் வருவதில்லை என்று ஆண்டறிக்கையில் வருத்தப்படுவது அழகில்லை. பட்ஜெட் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்தையாவது ஒரு நாள் மாலையில் வையுங்கள். இதை இங்கிலீஷில் எழுதித் தனியாக அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

பட்ஜெட் என்றதும் ஜூன் ஞாபகம் வருகிறது. கவுண்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, எங்கள் கவுண்டியில் அந்த பட்ஜெட் கூட்டம் ஜூன் நடுவில். பள்ளி மூடியதும் நம்மில் பாதிப் பேர் சென்னை விமானத்தில் இருப்போம், மீதிப் பேர் அவர்களை ஏற்றிவிட ஏர்போர்ட்டில். வருஷா வருஷம் நாம் மாம்பழம் சாப்பிடுகிற வாரத்தில்தான் இங்கே பணம் பங்கு பிரிக்கப்படுகிறது. குறை சொல்லவில்லை, நானும் போன வருஷம் சேலத்தில் இருந்தேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டாம், அது நடக்காது. பன்னிரண்டு பேர் பெயர் கொடுங்கள். ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒருவர். பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டாம். கன்சென்ட் பகுதியின் தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்து, நம் சாலை, நூலகம், மருத்துவமனை, பூங்கா என்று ஏதாவது இருந்தால் தமிழில் ஐந்து வரி எழுதிக் குழுவில் போடுங்கள். முக்கால் மணி நேர வேலை. பெரும்பாலான வாரம் "ஒன்றுமில்லை" என்ற ஒரு வரிதான் வரும். ஏதாவது இருந்தால், செவ்வாய் காலை நேரம் உள்ளவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். அப்பா அம்மாக்கள். அவர்களைக் கூட்டிப்போக ஒரு கார், கூட நின்று மொழிபெயர்க்க ஒருவர், போதும்.

அந்தச் சாலை அறிக்கை ஜூன் இரண்டாம் செவ்வாய்க்கிழமை போர்டு முன் வரும் என்று சூப்பர்வைசர் அலுவலகத்தில் சொன்னார்கள். அப்பா பேசத் தயார், இந்தத் தடவை எழுதியே வைத்திருக்கிறார். அந்த வாரம் எனக்கு டெக்சாஸில் வேலை, தவிர்க்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். காலை எட்டே முக்காலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும். காபி அம்மா போட்டுத் தருவார்.

அன்புடன்,
நூலகத்துக்குப் பின் தெருவில் இருந்து
உங்களில் ஒருவன்